தாழ்ப்பாளுக்கு விழுந்த ஒரே ஓட்டு

பெட்டியைச் செய்து முடித்த பிறகுதான் இஸ்திரி அக்காவுக்குத் தெரிந்தது, அதில் விழ ஓட்டே இல்லை என்று.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சோப்புத்தூள் வந்த தகர டப்பா அது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள். மூடியில் உளியை வைத்துத் தட்டி, சீட்டு விழ ஒரு வாய் திறந்தாள். தகரம் யார் கையையும் கிழிக்காமல் இருக்க, நைந்துபோன படுக்கை விரிப்பிலிருந்து பட்டை வெட்டி வாயைச் சுற்றி ஒட்டினாள். சின்னதாக ஒரு பூட்டும் மாட்டினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்த பெரியவர் உண்டியல் என்று நினைத்துவிட்டார். கண்ணை மூடி ஒரு காசைப் போட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் போய்விட்டார். "ஐயா, ஐயா" என்று இவள் கத்துவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. சாவியோ வீட்டில். பஸ் குலுங்கும்போதெல்லாம் காசு உள்ளே கலகலத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அச்சகத்து மாடியில் நடக்கும் மாலைப் பள்ளிக்குத்தான் அந்தப் பெட்டி போனது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். எழுதுகிற கோடு புழுவாக நெளியும். பகலெல்லாம் உடம்பை முறித்துவிட்டு வரும் பெண்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்த வயதில், அங்கே உட்கார்ந்து 'அ' போடக் கற்றார்கள். கற்று முடித்தவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. பழைய மாணவிகள் தொண்டர் குழு என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைப்பது, அவள் இடுப்பில் கொண்டுவரும் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்வது, பாதியில் நின்றவளை வீடு தேடிப் போய் இழுத்து வருவது, பல்பு போனால் அச்சக முதலாளியின் முன்னால் போய் நிற்பது, எல்லாம் இவர்கள் பாடு.

அங்கே யாரையும் சொந்தப் பேரில் கூப்பிடுவதில்லை. ஒரே பேரில் மூன்று பேர் நாலு பேர் இருந்ததால் டீச்சர் ஆளுக்கொரு பட்டப்பேர் வைத்தார், அதுவே ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குப் பெட்டி போடுகிறவள் இஸ்திரி. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் பட்டன். பெரிய அலுவலகம் ஒன்றின் லிஃப்டில் நிற்கிறவள் லிஃப்ட். சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கிறவள் டிக்கெட். டெப்போவில் பஸ் கழுவுகிறவளுக்கு மட்டும் தொழிலை வைத்துப் பேர் வரவில்லை. தினமும் முதலில் வந்து கதவைத் திறப்பவளும் அவள்தான், கடைசியில் சாத்திப் பூட்டுபவளும் அவள்தான். வாயையும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருப்பாள். அதனால் தாழ்ப்பாள்.

அந்தப் பேரை எழுதக் கற்பதற்குள் வகுப்புக்கே உயிர் போய் உயிர் வந்தது. எந்த இடத்தில் ழ, எந்த இடத்தில் ள, நடுவில் புள்ளி வைத்த ப் உண்டா இல்லையா என்று ஒரே குழப்பம். இஸ்திரி அக்கா இரண்டு இடத்திலும் ழ போட்டு 'தாழ்ப்பாழ்' என்று எழுதிவிடுவாள். "கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னா வீட்டையே பாழாக்கிடறியேம்மா" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். எத்தனை முறை திருத்தினாலும் அந்தக் கடைசி ழ போகவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. அந்த 'பாழ்' வகுப்பில் ஒரு நிரந்தர வேடிக்கை ஆகிவிட்டது.

குழுவுக்குத் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று மூன்று பொறுப்புகள். டீச்சர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர்தான். ஆனால் டீச்சர் தன் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போகும்போது, "இனிமே கை காட்ட ஆள் இல்ல. நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்குங்க" என்று சொல்லி, சில விதிகளையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். தேர்தலை நடத்துகிறவர் தானும் நிற்கக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது, யாருக்காகவும் பேசக்கூடாது. யார் நடத்துவது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இஸ்திரி அக்கா கையைத் தூக்கினாள்.

தூக்கியதோடு நின்றிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "இந்தத் தடவை கை காட்டுற வேலையெல்லாம் கிடையாது. நிஜமான எலெக்ஷன். சீட்டு, பெட்டி, பூட்டு எல்லாம் உண்டு" என்று அறிவித்தாள். சலவைக்கூடத்தில் சொன்னாள். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னாள். வீட்டில் அவள் புருஷன், "அதிகாரியம்மா, டீ கிடைக்குமா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பேர் கொடுக்கிற கூட்டத்தில் நடந்தது வேறு. செயலாளர் வேலைக்கு லிஃப்டின் பேரை ஒருத்தி சொன்னாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. தடுமாறாமல் கடகடவென்று படிக்கிறவள் அவள் ஒருத்திதானே. பொருளாளருக்கு டிக்கெட். தலைவிக்குப் பட்டன். பட்டன் வெட்கப்பட்டுக்கொண்டே சரி என்றாள். அவ்வளவுதான், கூட்டம் முடிந்துவிட்டது.

"அப்ப மூணுமே போட்டியில்லாம முடிஞ்சிருச்சு" என்றாள் லிஃப்ட். பிறகு மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்து, "இத என்னக்கா பண்றது? பருப்பு கொட்டி வெச்சுக்கலாமா?" என்றாள்.

கூடமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை; இஸ்திரி அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் காது சூடேறிவிட்டது. "பேர் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள என்னடி அவசரம்?" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே டெப்போவுக்குப் போனாள்.

தாழ்ப்பாள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸின் முதுகில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ஊர்ச் சேறெல்லாம் கரைந்து அவள் காலடியில் ஓடியது. இஸ்திரி அக்காவைப் பார்த்ததும் குழாயைத் தாழ்த்தி, "என்னக்கா, ஆஸ்பத்திரியில நீராவி பத்தலியா? இங்க வந்து நனையுற" என்றாள். பள்ளியில் ஊமை மாதிரி இருக்கிறவள் இவளிடம் மட்டும் இரண்டு வார்த்தை கூடப் பேசுவாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பலகையில் எழுதி அழித்தவர்கள்.

"தலைவிக்கு நீ நில்லேன்."

"நானா? போக்கா. வேற சோலி இல்ல உனக்கு."

"ஏன், உனக்கென்ன கொறச்சல்?"

"எனக்குப் பேச வராது. நாலு பேரு பாத்தா தொண்டை அடைச்சிக்கும். அதான் பட்டன் நிக்கிறாளே, நல்லாப் பேசுவா, நல்லா சிரிப்பா."

"பட்டன் பாவம், வேற யாருமில்லன்னு நிக்கிறா" என்றாள் இஸ்திரி அக்கா. இது முதல் பொய். இரண்டாவது, சோப்புக் கட்டி கைநழுவுவது மாதிரி நழுவி விழுந்தது. "எல்லாரும் உன் பேரத்தான் சொல்றாங்க."

தாழ்ப்பாள் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் டெப்போ முழுக்க அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். நீ வந்து கதவத் திறந்தாத்தானேடி பள்ளிக்கூடமே."

கடைசியில் சொன்னது மட்டும் நிஜம். நிஜத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் பொய்க்கும் ஒரு களை வந்துவிடுகிறது. தாழ்ப்பாள் பஸ்ஸின் ஈரமான பக்கவாட்டில் தன் முகத்தைப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு, "அன்னிக்கு என் மருமகளக் கூட்டிட்டு வரலாமாக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து எங்கிட்ட 'சாப்டீங்களா அத்தை', 'தூங்கலியா அத்தை', அவ்ளோதான் பேச்சு. நல்ல புள்ளதான். பெரிய படிப்பு படிச்சிருக்கு. பஸ் கழுவுறவகிட்ட என்னத்தப் பேசறதுன்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அங்க வந்து பாத்துச்சுன்னா…" பூட்ஸ் நுனியால் சேற்றைத் தள்ளினாள். "எல்லாரும் என் பேர எழுதறத ஒரு தடவை பாக்கட்டுமே."

அந்த நிமிஷம் இஸ்திரி அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'எல்லாரும்னு நான் சும்மா சொன்னேன்டி, நீ நின்னா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுச்சு' என்று சொல்லியிருந்தால் தாழ்ப்பாள் சிரித்துவிட்டு மறுபடி குழாயைத் திறந்திருப்பாள். ஆனால் மேசைமேல் இருந்த டப்பாவும், பருப்பு என்ற பேச்சும், அந்தச் சிரிப்பும் கண்முன் வந்தன.

"தாராளமாக் கூட்டிட்டு வா" என்றாள்.

தாழ்ப்பாள் பேர் கொடுத்த பிறகு இஸ்திரி அக்கா கணக்குப் போட்டது இப்படி: எப்படியும் பாதிப் பேராவது தாழ்ப்பாளுக்குப் போடுவார்கள். அவள் செய்யாத உதவியா? போதாதென்றால் நாலு பேரிடம் மெல்லச் சொல்லி 'எல்லாரும்' என்பதை உண்மையாக்கிவிடலாம். முதல் ஆளிடம் வாயெடுத்தபோதே லிஃப்ட் பின்னால் வந்து நின்றாள். "அக்கா, நடத்துறவங்க யாருக்கும் பேசக்கூடாதுன்னு டீச்சர் எழுதியிருக்காங்க. நீங்கதானே எங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்க?" அந்த வாரம் ஆஸ்பத்திரியிலும் ஆள் குறைவு. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் கால் தரையில் படுவது தெரியாமல் விழுந்து தூங்கினாள். தன் பொய்யைப் பற்றி நினைக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தேர்தல் நாள் வந்தது.

அச்சகத்தில் வெட்டி எறிந்த மஞ்சள் தாள்களை ஒரே அளவாக நறுக்கிச் சீட்டு ஆக்கியிருந்தாள். கரும்பலகையைச் சுவரை விட்டு நகர்த்தி, அதன் பின்னால் ஒரு ஸ்டூலும் பென்சிலும் வைத்தாள். ஒவ்வொருத்தியாகப் போய், யார் தலைவியாக வேண்டுமோ அவள் பேரை எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.

தாழ்ப்பாள் புதுச் சேலையில் வந்தாள். கடையில் மடித்த மடிப்பு நீளவாக்கில் அப்படியே நின்றது. வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. இஸ்திரி அக்காவின் கண்ணுக்குப் பட்டது. காலையில் கொண்டுவந்து கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தேய்த்துக் கொடுத்திருப்பாளே என்று நினைத்தாள். பின்னாலேயே மருமகள் வந்தாள். ஒல்லியான பெண், தோளில் ஆபீஸ் பை. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் அவளுக்குக் கூடத்தைக் காட்டினாள். "இங்கதான் நான் உக்காருவேன். இந்த ஜன்னல் சரியா சாத்தாது, கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்." மருமகள் தலையாட்டினாள்.

ஓட்டுப் போடுவது லேசில் முடியவில்லை. பலகைக்குப் பின்னால் போனவர்கள் வெளியே வர யுகமாயிற்று. ஒருத்தி போவதற்கு முன்னால் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். இன்னொருத்தி உள்ளேயிருந்து, "அக்கா, ழவுக்கு வால் எந்தப் பக்கம்?" என்று கத்த, "சொல்லக்கூடாதுடி, ரகசியம்!" என்று இஸ்திரி அக்கா கத்த, கூடம் சிரித்தது. சீட்டு விழும்போதெல்லாம் உள்ளே அந்தக் காசு புரண்டு ஒரு சத்தம் போட்டது. தாழ்ப்பாள் போனாள், சட்டென்று எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். வரும்போது பட்டனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பரிவான சிரிப்பு. அது ஏனென்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

நடத்துகிறவர் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்து அடுக்கித் தர வேண்டும், செயலாளர் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இஸ்திரி அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு, உடைந்த பெஞ்சும் சாக்குக்கட்டியும் கிடக்கும் பக்கத்து அறைக்குப் போனாள். பூட்டைத் திறந்து கவிழ்த்தாள். காசுதான் முதலில் விழுந்து உருண்டது. யாருடையது என்று சொல்ல முடியாத காசு; மறுபடி டப்பாவிலேயே போட்டாள். மருந்துப் பொட்டலம் மாதிரி இறுக்கி மடித்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, விரிப்பை நீவுவதுபோல உள்ளங்கையால் நீவி வைத்தாள்.

பட்டன். பட்டன். பட்டண். படன். பட்டான். ஒரு சீட்டில் எழுத்தே இல்லை. ஒரு வட்டம், அதற்குள் நாலு புள்ளி. அதுவும் பட்டன்தான். அடுத்ததும் பட்டன். கடைசிச் சீட்டை ரொம்ப மெதுவாகப் பிரித்தாள்.

பட்டன்.

மறுபடி அடுக்கை எடுத்துப் புரட்டினாள். தாழ்ப்பாளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, தாழ்ப்பாளே போட்டுக்கொண்டதாவது இருக்க வேண்டுமே. இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்டின் குரல் கேட்டது. "என்னக்கா, சீட்டுக்கும் பெட்டி போடறீங்களா?" சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் எங்கோ தாழ்ப்பாள் மருமகளுக்குப் பக்கத்தில் மடிப்பு கலையாத சேலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேருக்குக் கீழே பலகையில் ஒரு கோடுகூட விழாது. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மிச்சமிருந்த மஞ்சள் சீட்டில் ஒன்றை எடுத்தாள். பென்சிலை எடுத்தாள். தப்பு என்று தெரிந்துதான் எழுதினாள். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கையெழுத்து என்பது படித்தவர்களுக்கு இருப்பது என்று நினைத்திருந்தாள். டாக்டருக்கு உண்டு, மேனேஜருக்கு உண்டு. பேனா பிடித்துச் சில வருஷம்கூட ஆகாத தனக்கும் அப்படி ஒன்று முளைத்திருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எழுதி, இரண்டாக மடித்து நீவி, அடுக்கின் நடுவில் செருகிக்கொண்டு வந்தாள்.

லிஃப்ட் நின்றுகொண்டு படித்தாள். டிக்கெட் பலகையில் கோடு போட்டாள். பட்டன் என்று படிக்கப் படிக்க முதலில் கைதட்டினார்கள். போகப் போகக் கைதட்டல் மெலிந்தது. பட்டனே, "போதும்டி, படிக்காத" என்பதுபோலப் பார்த்தாள். தாழ்ப்பாள் முதுகை நேராக வைத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் காத்திருந்தாள்.

லிஃப்ட் ஒரு சீட்டை எடுத்து, "தாழ்ப்…" என்று ஆரம்பித்து நின்றாள்.

கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். தாழ்ப்பாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிக்கிறவள். அதுதான் அவள் பெருமை.

"தாழ்ப்பாழ்" என்று படித்தாள்.

"அட, இது இஸ்திரி அக்கா பாழ்!" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி வெள்ளந்தியாகக் கத்தினாள். பத்துப் பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். நடத்துகிறவளுக்குத்தான் ஓட்டு இல்லையே.

லிஃப்ட் மிச்சச் சீட்டுகளைப் படிக்காமல் எண்ணினாள். வந்தவர்களையும் எண்ணினாள். "ஒரு சீட்டு அதிகமா இருக்குக்கா" என்றாள் மெல்ல. இஸ்திரி அக்கா தரையைப் பார்த்தாள். கீழே இயந்திரம் நின்றிருந்தது, அதுவாவது ஓடியிருக்கலாம். லிஃப்ட் அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். "இது செல்லாது" என்றாள். அவள் தப்பு ஒன்றுமில்லை. விதி அதுதான். மிச்சம் எல்லாம் பட்டன்.

பலகையில் தாழ்ப்பாளின் பேருக்குக் கீழே சும்மா கிடந்த கறுப்பு, ஒரு கோடு விழுந்திருந்தால் இருந்திருப்பதைவிட இப்போது அகலமாகத் தெரிந்தது. யாரோ ஒருத்தி பேச்சை ஆரம்பித்துவைக்க வேண்டுமே என்று ஆரம்பித்தாள். "எனக்கு அந்த ழ வராதுடி. தப்பா எழுதினா செல்லாமப் போயிருமோன்னு பயந்து பட்டன்னு போட்டேன்." உடனே இன்னொருத்தி, "நானும் அதேதான். மூணு தடவை எழுதிப் பாத்தேன், ப் எங்க வருதுன்னு தெரியல." "பட்டன்னா சுலபமா இருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல." எத்தனை பேருக்கு அது நிஜம், எத்தனை பேருக்குச் சாக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. வட்டம் போட்டு நாலு புள்ளி வைத்தவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் எழுந்தாள். நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றவள், கூடமே பார்க்கத் தெளிவாகப் பேசினாள்.

"அக்கா, எல்லாரும் என் பேரச் சொன்னாங்கன்னு சொன்னியே. யாரு யாரு சொன்னாங்க?"

கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இஸ்திரி அக்கா வாயைத் திறந்தாள். ஒரு பேராவது வரும் என்று தானே எதிர்பார்த்தவள் மாதிரி நின்றாள். வரவில்லை.

"நானே பட்டனுக்குத்தான் போட்டேன்" என்றாள் தாழ்ப்பாள். "எல்லாரும் எனக்குப் போட்டுட்டா அவ மனசு என்ன பாடுபடும், அவளுக்கு ஒண்ணாவது விழட்டுமேன்னு போட்டேன்."

பட்டன் அழுதுவிட்டாள். ஜெயித்தவள் அழ, எல்லோரும் அவளைச் சுற்றி நின்று தேற்ற, அந்தச் சந்தடியில் கூட்டம் தானாகக் கலைந்தது. இஸ்திரி அக்கா பக்கத்து அறைக்குள் போய், அடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் சாக்குக்கட்டிப் பெட்டியை எடுத்து எடுத்து வைத்தாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பில் எந்தக் கறையானாலும் ஒரு மருந்து உண்டு, எது எதில் போகும் என்று அவளுக்கு அத்துப்படி. 'எல்லாரும்' என்ற அந்த ஒரு வார்த்தையை எதில் ஊறப்போடுவது?

சத்தம் அடங்கியதும்தான் அவளுக்கு உறைத்தது. எல்லோரும் போனாலும் ஒருத்தி போகமாட்டாள். பூட்ட வேண்டியவள் அவள்தானே.

வெளியே வந்தாள். தாழ்ப்பாள் கதவருகில் ஒரு கை தாழ்ப்பாளில், ஒரு கையில் பூட்டு என்று நின்றிருந்தாள். மருமகள் மாமியாரின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கோணலான ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"தினமும் நீங்கதான் பூட்டுவீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"மழை நாள்லயும்?"

"மழையா இருந்தாலும்தான்."

இஸ்திரி அக்கா அந்த இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "நான் வந்து…" என்றாள்.

"வாங்க" என்றாள் தாழ்ப்பாள். "நேரமாச்சு. நீங்க வெளிய வந்தாத்தான் நான் பூட்ட முடியும்."

எத்தனை மாலைகள். ஒரே பலகை, ஒரே பென்சில், 'வாக்கா', 'போக்கா', 'என்னக்கா நீ'. அவள் வாயிலிருந்து இஸ்திரி அக்கா ஒருநாளும் 'நீங்க' கேட்டதில்லை. டாக்டருக்குச் சொல்வது, மேற்பார்வையாளருக்குச் சொல்வது. மரியாதையில் துளி குறையில்லை.

"என்னை வாங்க போங்கன்னு சொல்லாதடி" என்றாள்.

தாழ்ப்பாள் கதவை அகலத் திறந்து, வழிவிட்டு நின்றாள்.

இஸ்திரி அக்கா வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தமும், இரும்பு இரும்பில் போய் உட்காரும் சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கினாள். முதல் படியிலேயே டப்பாவுக்குள் அந்தக் காசு கலகலத்தது. மெல்ல இறங்கிப் பார்த்தாள். மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். வெளியிலிருந்து அமுக்கினால் உள்ளே கிடப்பது அடங்குமா? மேலே நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி, தெரு வரைக்கும், ஒவ்வொரு படிக்கும் அது சத்தம் போட்டுக்கொண்டே கூட வந்தது.